ராஜா வீட்டு ஆட்களும் மேல் மாடிக் கல்யாணமும்

தம்பி,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். போன மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பீரோ கண்ணாடி முன்னால் நின்று லண்டன் ராஜாவுக்கு வணக்கம் வைத்துப் பழகினேன். நம் ஊர்க் கும்பிடு இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் வைப்பார்களே, ஒரு காலைப் பின்னால் இழுத்து, முட்டியை மடக்கி, பாவாடையை லேசாகப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல் இறங்கி ஏறுவது, அது. பாவாடைக்குப் பதில் நைட்டி. இறங்குவது அருமையாக வந்தது. ஏறுவதுதான் வரவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. ஒரு கை பீரோ கைப்பிடியில், ஒரு கை நைட்டியில், முகத்தில் மட்டும் ராஜாவுக்கு வைத்த சிரிப்பு அப்படியே ஒட்டியிருக்க, நான் பாதி வணக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது உன் அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னாமே, இன்னாத்த தேடுற?" என்றார். ஊக்கு விழுந்துவிட்டது என்றேன். அவரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார். இல்லாத ஊக்கை இரண்டு பேரும் வெகுநேரம் தேடினோம்.

எதற்கு இந்தக் கூத்து என்று நீ கேட்பாய். உனக்கு அந்த ஊர்க் குடியுரிமை கொடுக்கிற விழாவில் ராஜாவின் சார்பாக ஒருவர் வருவார், ராஜா படம் வைத்திருப்பார்கள், பெயரைக் கூப்பிட்டுக் கைகொடுப்பார்கள் என்று நீதான் போனில் சொன்னாய். என் பிள்ளை அங்கே நிற்கும்போது நான் இங்கே வீடியோ காலில் சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா என்று தோன்றியது. அவ்வளவுதான். ஆனால் நான் வணக்கம் பழகியதை உன் அப்பாவிடம் சொல்ல முடியாமல் ஊக்கு கதை விட்டதற்குக் காரணம் உனக்கே தெரியும். அந்த விழாவில் நீ சொல்ல வேண்டிய உறுதிமொழியை அன்றைக்கு ஸ்பீக்கர் போட்டு நீ படித்துக் காட்டினாயே, ராஜாவுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று, அதைக் கேட்ட கையோடு உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து உன் போனை அவர் எடுப்பதில்லை. நீ பேசி முடித்ததும் என்னிடம் வந்து, "சாப்ட்டானாமா?" என்று கேட்பதோடு சரி. நீயும் பிடிவாதத்தில் அவர் பிள்ளைதான். "அவரு சரின்னு சொல்லாம நான் போ மாட்டேன்மா" என்று ஒரு தேதியைத் தள்ளிப்போட்டாய். இன்னொரு தடவை தள்ள முடியாது என்கிறாய். போனில் சொல்லலாம் என்றால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் ஆஸ்பத்திரி வார்டில் யாராவது மணியடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஓய்வாக, கால் நீட்டிப் படி.

உன் அப்பாவைத் தப்பாக நினைக்காதே. பாஸ்போர்ட்டை மாற்றுவதில் அவருக்கு வருத்தமே இல்லை. பிழைக்கப் போன இடத்தில் வேரூன்றத்தான் வேண்டும், நான் மட்டும் என்ன, கழனியை விட்டு ரோலிங் மில்லுக்கு வரவில்லையா என்பார். அவருக்கு உறுத்துவது அந்த ஒரு சொல்தான், ராஜா. அவருடைய அப்பா, உன் தாத்தா, பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகோடு, விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லிக் கூலிக்கு நின்றவர். அந்த முதுகைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை உன் அப்பா. நம் வீட்டில் யாரும் யார் காலிலும் விழக்கூடாது என்று அவர் வைத்திருக்கும் சட்டம் அங்கிருந்து வந்தது. எங்கள் கல்யாணத்தன்று பெரியவர்கள் எல்லாரும் புருஷன் காலில் விழு என்று என்னைத் தள்ள, நான் பாதி குனிய, அவர் என் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தி, "அதெல்லாம் வேணாம், நேரா நில்லு" என்றார். அந்த நிமிடம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. மாமியார் வீட்டு ஜனங்களுக்குத்தான் என்னைப் பிடிக்காமல் போனது. உனக்கும் பிறந்தநாளைக்குக் காலில் விழுகிற பழக்கம் இல்லை. கைகொடுத்துத்தான் வாழ்த்து வாங்கினாய். அப்படிப்பட்டவர் பிள்ளை போயும் போயும் ஒரு ராஜாவுக்கு விசுவாசம் சொல்வதா என்று அவருக்கு வயிற்றெரிச்சல். இதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். பிஸ்கட் கம்பெனி பேக்கிங் வேலையை முட்டி வலிக்காக விட்டதிலிருந்து எனக்குப் பொழுதுபோக்கு அந்த ராஜ குடும்பம்தான். முதலில் அவர்கள் வீட்டுச் சண்டைக்காகத்தான் பார்த்தேன், ஒளிப்பானேன். மாமியார் மருமகள், அண்ணன் தம்பி, யார் யாரோடு பேசவில்லை, யார் யார் பக்கத்தில் உட்காரவில்லை. நம் தெருவில் நடப்பதுதான், கொஞ்சம் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று பிடிபட்டது. அவர்களில் வேலைக்குப் போகிற ராஜ குடும்பத்தார் என்று ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது. அவர்களுக்கு வேலை என்ன தெரியுமா? அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போவது. ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடமா, ஒரு ஆள் போகிறார். எங்கோ கடலோரத்தில் படகு கொட்டகை திறப்பா, ஆட்டுக்குட்டிக் கண்காட்சியா, அதற்கும் ஒரு ஆள் போகிறார். நாடா வெட்டுகிறார், மரக்கன்று நடுகிறார், வரிசையாக நிற்கிறவர்களிடம் கைகொடுத்து, தூரத்திலிருந்து வருகிறீர்களா என்று கேட்கிறார். இதில் ராஜாவின் தங்கச்சியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷக்கணக்காக ஒரே கோட்டுதான் போடும், மழையில் நிற்கும், அனாவசியமாகச் சிரிக்காது, வேலை முடிந்ததும் வண்டி ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். அவர்களை வெறும் பொம்மை என்று சொல்கிறார்கள். பொம்மையாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

நான் நின்றிருக்கிறேன். இத்தனை வருஷமாக நம் குடும்பத்தின் சார்பில் விசேஷத்துக்குப் போகிற ஆள் யார்? கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீர், கடை திறப்பு, பதினாறாம் நாள் காரியம் எதுவானாலும் வீட்டுக்கு ஒரு தலை தெரிய வேண்டும். உன் அப்பாவுக்கு ஷிப்ட். உன் சித்தப்பாவுக்குச் சபையில் நாலு பேர் சேர்ந்தாலே வேர்த்துவிடும். ஆகவே உன் பெரியம்மாவும் நானும்தான் பாகம் பிரித்துக்கொண்டோம். ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே அவர், மேற்கே நான். முகூர்த்த நாளில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ரிசப்ஷன் ஒன்று என்று ஷேர் ஆட்டோவில் ஓடியிருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பெரியம்மாதான். மூன்றாவது வரிசையில் உட்கார், கேமரா அங்கேதான் வரும் என்பார். முதல் வீட்டில் கை நனைத்தோம் என்று பேருக்குச் சாப்பிடு, வயிற்றை இரண்டாவது வீட்டுக்கு வை என்பார். பேச்சு ஓடவில்லையா, "பொண்ணுக்கு எந்த ஊரு?" என்று கேள், யாரும் பதில் தெரியாமல் விழிக்க மாட்டார்கள் என்பார். லண்டனில் அவர்கள் கேட்கிற கேள்வியும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனித்தாயா? அவர்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் எதிரே நிற்கிறவர் பெயரைக் காதில் ஓதிக்கொண்டே வருகிறார். எனக்கு அந்த ஆள் கிடையாது. கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நான் போன வீட்டு ஜனங்கள் பெயரெல்லாம் என் தலைக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு தேர்ந்தவள் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் அதைப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நீ அந்த ஊருக்குப் போன மறு வருஷம், உன் அப்பாவோடு மில்லில் வேலை செய்கிறவர் மகளுக்குப் புதுவாயல் கூட்டுரோடு பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். அந்த மண்டபத்தில் கீழே ஒரு ஹால், மேல் மாடியில் ஒரு ஹால். கீழே செருப்பு விடுகிற இடத்தில் ஒரே நெரிசல். கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறிப் போய், பன்னீர் தெளிக்க நின்ற பிள்ளை கன்னத்தைத் தட்டி, நேராக மேடைக்குப் போய்விட்டேன். இந்தக் காலத்து மேக்கப்பில் எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். பெற்ற தாயே உற்றுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அட்சதை போட்டேன், பரிசைக் கொடுத்தேன், போட்டோவுக்கு நின்றேன். மேடையிலிருந்து இறங்கி உட்கார்ந்த பிறகு போன் வந்தது. "இன்னா அண்ணி, எங்க கீறீங்க? பந்தி போட்டாச்சு, உங்கள காணோமேன்னு ஊட்டுக்காரி கேட்டுக்கினே கீறா" என்றார் உன் அப்பாவின் நண்பர். எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று சுற்றிப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நான் போக வேண்டிய கல்யாணம் கீழ் ஹாலில்.

நியாயமாக நான் அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். எழுந்தும் விட்டேன். அப்போதுதான் ஹாலைச் சரியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்து நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெண் பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த பக்கத்தில், என்னோடு சேர்த்துக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்களாகப் பார்த்துக்கொண்டு செய்த கல்யாணம், பெண்ணுடைய சொந்தம் யாரும் வரவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் மேடையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்த நான் புடவை மடிப்பைச் சரிசெய்வது போலச் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து, நீங்கள் பெண்ணுக்கு என்ன முறை என்று கேட்டார். "அத்த முறை" என்றேன், வாய் கூசாமல். பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, அத்தைக்கு உண்டான மிடுக்கோடு பொரியலில் உப்புக் குறை சொல்லி, எல்லாம் முறையாகச் செய்தேன். கிளம்பும்போது அந்தப் பெண் மாலையோடு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "நீங்க யாருன்னு தெர்லக்கா. ஆனா வந்து உக்காந்தீங்கல்ல" என்றது. போன் நம்பர் கேட்டது, கொடுத்தேன். பிறகு கீழே போய் அந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டேன். பரிசை மேலேயே கொடுத்துவிட்டு உன் அப்பாவின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கையை வீசிக்கொண்டு போனதால் மறுநாள் ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு போனது தனிக் கதை. உன்னிடம் நான் சொன்ன பாதி குக்கர் பாதி.

அதற்குப் பிறகுதான் ராஜ வீட்டு ஆட்கள் செய்வது என்ன வேலை என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர்கள் நட்ட மரத்தை யாராவது தோட்டக்காரர்தான் தண்ணீர் ஊற்றி வளர்க்கப் போகிறார். அவர்கள் திறந்த கட்டடம் அவர்கள் வராவிட்டாலும் திறந்துதான் இருக்கும். ஆனால் வந்து உட்கார்ந்தார்கள். நீகூட ஒருநாள் சொன்னாயே, உன் வார்டுக்கு அந்த வீட்டு அம்மா ஒருவர் வந்து, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், கால் வலிக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார் என்று. யார் என்று நான் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். "ராஜாவுக்கு ஏதோ சொந்தம்மா" என்றாய். பெயர்கூடத் தெரியாத அந்த அம்மா கேட்ட கேள்வியை நீ மூன்று தடவை என்னிடம் சொன்னாய், தம்பி. உன் மேனேஜர் சொன்ன எதையும் நீ அப்படிச் சொன்னதில்லை.

இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கும்மா, இங்கே என்னோடு வேலை செய்கிற சின்னப் பசங்களுக்கு ராஜா இருந்தாலும் ஒன்றுதான் போனாலும் ஒன்றுதான் என்றாய். இருக்கலாம். எனக்கும் அந்தக் கவலை உண்டு. நான் கவலைப்பட்டு அரண்மனைக்கு என்ன ஆகப்போகிறது என்பது வேறு. ஆள் குறைந்துவிட்டார்கள். சிலர் விலகிப் போய்விட்டார்கள், சிலருக்குத் தள்ளாமை, ராஜாவின் பேரப்பிள்ளைகள் இன்னும் வீட்டுப் பாடம் எழுதுகிற வயசு. இருக்கிற நாலைந்து பேர் நாட்டில் நடக்கும் எல்லா விசேஷத்துக்கும் ஓட வேண்டியிருக்கிறது. நம் வீட்டு நிலவரமும் அதுதானே. பெரியம்மா போய்விட்டார். தண்டவாளத்துக்குக் கிழக்கும் மேற்கும் இப்போது என் தலையில். என் முட்டியின் லட்சணத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சில சமயம் வீடியோவில் அந்தத் தங்கச்சி வண்டியிலிருந்து இறங்கும்போது காலை ஊன்றுகிற தினுசைப் பார்த்து, உனக்கும் படி ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டமா என்று கேட்கத் தோன்றும். ஆள் பற்றாக்குறை முற்றினால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். அனுபவம் இருக்கிறது. தொப்பிதான் ஒத்துவராது, பூ வைத்துக்கொண்டு வருவேன்.

வைரத்தை விட்டுவிட்டாயே என்று உன் அப்பா கேட்பார், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். "அந்தக் கிரீடத்துல கீறதெல்லாம் யார் ஊட்டுது? மொதல்ல அத்த குடுக்கச் சொல்லு, அப்பால மரம் நடலாம்" என்பது அவர் கட்சி. நான் மறுத்துப் பேசவில்லை. கொடுத்தால் நல்லதுதான். அத்தனை அறைகள் உள்ள அரண்மனையைப் பெருக்கித் துடைக்க எத்தனை பேர் முதுகு ஒடிய வேண்டும் என்றும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் மெச்சுகிறேன். நம் பண்ணையார் வீட்டிலிருந்து நம் தெரு விசேஷத்துக்கு யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. பெரியம்மா அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒன்று விடாமல் போய் நின்றவர். அவர் செத்தபோது அங்கிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை. வந்தது யார்? ஷிப்ட் பஸ்ஸில் இறங்கி, யூனிபாரத்தோடு, டிபன் பாக்ஸோடு வந்து வந்து நின்றார்கள். தொழிற்பேட்டையே நம் தெருவுக்குள் புகுந்துவிட்டது போல இருந்தது. உன் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "இத்தினி பேரை அண்ணிக்கு எப்படிம்மே தெரியும்?" என்று கேட்டார். எங்கள் வேலையை ஊர் சுற்றுவதற்கு ஒரு பேரு என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர், அன்றோடு அந்தக் கேலியை நிறுத்திவிட்டார். அவருக்குள் ஏதோ இளகியது அங்கேதான் என்று நினைக்கிறேன். மீதி இளகியது போன வாரம்.

போன வாரம் நான் கட்டிலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அதே தங்கச்சி, அதே கோட்டு, நல்ல மழை, ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேற்றில் நின்று கன்று நட்டுக்கொண்டிருந்தது. உன் அப்பா தேங்காய் எண்ணெய் எடுக்க வருவது போல வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். இந்த அம்மாவுக்கு வயசு என்ன என்றார். எழுபதைத் தாண்டிவிட்டது என்றேன். ரிட்டயர்மென்ட் இல்லையா என்றார். இல்லை என்றேன். இந்த வேலை வேண்டாம் என்றால் வேறு வேலைக்குப் போகலாமா என்றார். போனால் ஊரே திட்டுகிறது, போனவர்களைத் திட்டியதும் உண்டு என்றேன். சங்கமாவது உண்டா என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது வைத்துக்கொள்வாரே ஒரு முகம், அந்த முகத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பொறக்கும்போதே வேல போட்டுட்றான். லீவு கெடையாது, சங்கம் கெடையாது, உட்டுட்டுப் போனா ஏசறான். இன்னாமே இது, கொத்தடிமையாட்டம் கீது" என்றார். தம்பி, உலகத்தில் எத்தனையோ பேர் அந்த ராஜ குடும்பத்தைப் புகழ்ந்திருப்பார்கள், ஏசியிருப்பார்கள். அவர்களைக் கொத்தடிமைகள் என்று கண்டுபிடித்து மனமிரங்கிய முதல் ஆள் உன் அப்பாவாகத்தான் இருக்கும்.

நான் அந்தச் சூட்டோடு பேச்சைப் போட்டேன். அவருக்குத்தான் சாமியும் ஆகாதே, சாமி பேரைச் சொல்லாமலும் அந்த உறுதிமொழி சொல்லலாமாம், இரண்டு விதம் வைத்திருக்கிறார்களாம் என்றேன். உம் என்றார். எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார், மூடினார். பிறகு வெளியே போய், எந்தப் பழுதும் இல்லாத சைக்கிளைத் திருப்பிப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் போட்டு, உறுதிமொழியை உட்கார்ந்து சொல்வார்களா நின்று சொல்வார்களா என்று நான் கேட்டேனே, உனக்கு என்னம்மா ஆச்சு என்று நீ சிரித்தாயே, எல்லாரும் நின்றுதான் சொல்வார்கள், நேராக நின்று, முன்னால் பார்த்து என்றாயே, அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. சைக்கிளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பதிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"நின்னுக்கினா?" என்றார்.

நின்றுதான் என்றேன்.

"கைய கட்டிக்கினு, குனிஞ்சிக்கினு, அந்த மாதிரி ஒண்ணும் இல்லியே?"

அந்த மாதிரி எதுவும் இல்லை, சொல்லி முடித்ததும் அவர்கள்தான் வந்து கைகொடுப்பார்கள் என்றேன். சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பன் குனிஞ்சிக்கினு சொன்னான். இவன் நின்னுக்கினு சொல்றான். சொல்லட்டும்" என்றார். உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் உனக்குச் சம்மதம் வேண்டுமென்றால் வேறு அப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே போ. சட்டையை இஸ்திரி போட்டுப் போ, உன் அப்பாவுக்குக் கசங்கல் ஆகாது. நேரத்துக்கு முன்னால் போ. அந்த வீட்டு ஆட்கள் தாமதமாக வருவதில்லை, நீ தாமதமாக வந்தால் மரியாதை இல்லை. சொல்லும்போது சிரித்துவிடாதே, உனக்கு அந்த வியாதி உண்டு, சர்ச் கல்யாணத்தில் நீ சிரித்து நான் பட்டது போதும். ராஜா படத்துக்கு முன்னால் நிற்கும்போது அவரை ஒரு பெரிய ஆளாக நினைத்துப் பயப்படாதே, ஏளனமாகவும் நினைக்காதே. ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, உடம்பு முடியாத நாளிலும் அடுத்தவர் விசேஷத்துக்குக் கிளம்பிப் போகிற மனுஷர் என்று நினைத்துக்கொள். அந்த அளவுக்கு விசுவாசமாக இருப்பதில் நம் வீட்டுச் சட்டம் எதுவும் உடைந்துவிடாது. அவர்கள் வம்சம் நீடிக்குமா நீடிக்காதா என்று நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில், கிரீடம் இருக்கிற வரைக்கும் இல்லை, அந்த வீட்டில் காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப ஒரு ஆள் இருக்கிற வரைக்கும். நீயும் அந்த ஊரில் ஒரு தெருவில் குடியிருக்கிறாய். உன்னோடு வேலை செய்கிறவர் பணி ஓய்வுக்குக் கேக் வெட்டினால் போய் நில். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் கதவைத் தட்டு. எந்த ஹாலுக்குப் போனாலும் நாற்காலி காலியாக இருக்கிற பக்கம் பார்த்து உட்கார். முக்கியமாகப் பெயரைக் கேட்டு மனசில் வாங்கிக்கொள். ஒருத்தர் பெயரை மறக்காமல் கூப்பிடுவதை விடப் பெரிய மரியாதை கிடையாது. இது மட்டும் நான் கற்றுக்கொடுத்தது என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம்.

விழாவன்று வீடியோ கால் போடு. இந்த முறை உன் அப்பா எடுப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதை நீ கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எதுவும் பேச மாட்டார். கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்பார். என் மூலமாக இல்லாமல் நேராகக் கேட்பார், நேராகவே பதில் சொல்.

போனை நான் ஏன் எடுக்கவில்லை என்று தேடாதே. நான் இருக்க மாட்டேன். அங்கே உனக்கு மத்தியானம் என்றால் இங்கே சாயங்காலம், அன்றைக்குச் சாயங்காலம் புதுவாயலில் அந்த மேல் மாடிப் பெண்ணின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அதே மண்டபம், அதே மேல் மாடி. அத்தை இல்லாமல் கேக் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இன்னும் அதன் பக்கத்து நாற்காலிகள் நிரம்பவில்லை. பெற்ற பிள்ளையின் விழாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீடியோவில் மழையில் நிற்கிற அந்தத் தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். வாழ்த்து அட்டை வாங்கியாகிவிட்டது. உறையின் மேல் குழந்தையின் அம்மா பெயரை எழுதத்தான் முடியவில்லை. போனில் வந்த அழைப்பிதழைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், 'அன்புடன் அழைக்கும் அம்மா, அப்பா' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. என் போனில் அது 'மேல் மாடி' என்றுதான் இருக்கிறது.

அம்மா